இருட்டுக்கடையில் நின்று தின்பது எப்படி: நெல்லைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் டவுனுக்கு அழைத்துப்போய் அல்வா வாங்கிக்கொடுக்கும் பொறுப்பு எங்கள் வீட்டில் எப்போதும் என் தலையில்தான் விழும். பாளையங்கோட்டையில் குடியிருப்பவன் என்பதால் மாலை நேரத்தில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டிக் கீழ ரத வீதிக்குப் போய்வருவது எனக்குப் பெரிய வேலையில்லை. இப்படிப் பல ஆண்டுகள் போய்வந்ததில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் இருட்டுக்கடை வரிசையில் அரைமணி நேரம் நின்று, கிலோக் கணக்கில் பொட்டலம் கட்டிக்கொண்டு, அங்கே ஒரு வாய்கூடத் தின்னாமல் ரயிலேறிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்துப் பிரித்துத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. கடை முன்னால் நின்றபடி, சூடு ஆறுவதற்குள் கையில் வாங்கித் தின்னும் நூறு கிராமுக்காகத்தான் இவ்வளவு தூரம் வரவேண்டும். பொட்டலம் என்பது ஊரில் இருப்பவர்களுக்குச் செய்யும் கடமை. அந்த நூறு கிராமைத் தவறவிடாமல் இருக்க எந்த நாளில் வரலாம், எத்தனை மணிக்கு எங்கே நிற்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும் என்பதையெல்லாம் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

கடையைப் பற்றி

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில், அலங்காரம் ஏதுமில்லாத ஒரு பழைய கட்டடத்தின் முன்பகுதியில் நடக்கும் சின்னக் கடை இது. ராஜஸ்தான் பக்கமிருந்து வந்து நெல்லையில் வேர்விட்ட சிங் குடும்பத்தார் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இதை நடத்திவருகிறார்கள். மாலையில் மட்டும் திறந்து, ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில் வியாபாரம் செய்ததால், "அந்த இருட்டுக் கடையில வாங்கிட்டு வா" என்று மக்கள் சொல்லிச் சொல்லியே அதற்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் வைத்த பெயரைவிட ஊர் வைத்த பெயர் நிலைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். மின்விளக்கு எங்கும் எரியும் இந்தக் காலத்திலும் கடை அந்த மங்கல் வெளிச்சத்தை விடாமல் வைத்திருக்கிறது.

வடநாட்டுப் பண்டமான அல்வா நெல்லைக்கு எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சொக்கம்பட்டி ஜமீன்தார் காசிக்குப் போனபோது அங்கே அல்வாவைத் தின்று ருசிகண்டு, அதைச் செய்பவர்களையே தம் அரண்மனைக்கு அழைத்துவந்துவிட்டார் என்றும், பின்னால் அவர்கள் வழியில் வந்தவர்கள் திருநெல்வேலியில் கடை போட்டார்கள் என்றும் அந்தக் கதை போகும். கதை எப்படியிருந்தாலும், மிட்டாய்க் கடையை லாலா கடை என்று சொல்லும் வழக்கம் நெல்லைச் சீமையில் இன்றும் இருப்பது அந்த வடநாட்டுத் தொடர்புக்குச் சாட்சி.

எந்த நாளில் வருவது

சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வாரக்கடைசிகளில், அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் வேன் வேனாக டவுனுக்குள் வந்து இறங்குவார்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குப் போய்வரும் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் சேர்ந்துகொள்ளும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உள்ளூர்க்காரர்களான நாங்களே அந்த நாட்களில் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டோம். ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதிகள் நான்கும் தேருக்கும் மக்களுக்கும் உரியவை என்பதால் பேருந்துகள் வேறு வழியில் திருப்பிவிடப்படும். தேர் பார்க்க வருகிறவர்கள் தேரைப் பார்க்கட்டும். அல்வாவுக்கென்று வருகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பகுதியே தண்ணீருக்குள் நின்றது. மழையில்லாத ஒரு தை, மாசி மாதத்துச் செவ்வாயோ புதனோ வாய்த்தால் அதைவிட நல்ல நாள் கிடையாது. வெயில் தணிந்திருக்கும், வரிசை குறுகியிருக்கும், நின்று தின்னவும் இடம் இருக்கும்.

நேரக் கணக்கு

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தவறுவது நேரக் கணக்கில்தான். கடை மாலை ஐந்து, ஐந்தரை மணிவாக்கில்தான் திறக்கும். அன்றைக்குக் கிண்டிய அல்வா தீரும்வரைதான் வியாபாரம்; தீர்ந்துவிட்டால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் மறுநாள்தான். காலையில் வந்து கடையைத் தேடி, பூட்டிய கதவைப் படம்பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டமுள்ள நாளில் ஏழு மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே நாலரை மணிக்கு டவுனுக்குள் இருக்கிறமாதிரி வந்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் ரயிலைத் தேர்ந்தெடுப்பதிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் வேகமானதுதான். ஆனால் மதியத்துக்கு மேல் எழும்பூரில் புறப்பட்டு இரவில் வந்துசேர்வதால் அன்றைய அல்வா உங்களுக்குக் கிடையாது. இரவில் ஏறிக் காலையில் இறங்கும் நெல்லை எக்ஸ்பிரஸ்தான் இந்த வேலைக்கு ஏற்றது. காலையில் இறங்கி, குளித்து, பகலில் வேறு இடங்களைப் பார்த்து, மாலையில் டவுனுக்கு வந்து தின்றுவிட்டு, அன்றிரவே அதே நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பிவிடலாம். திரும்பும் ரயில் இருக்கும் நாளில் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். டவுனிலிருந்து ஜங்ஷனுக்கு மாலை நெரிசலில் ஆட்டோ பிடித்துப் போக அரைமணி நேரத்தையாவது ஒதுக்கிவைக்க வேண்டும். ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் அத்தான், "இன்னும் பத்துப் பேருதான் இருக்காங்க மாப்ளே, நின்னு வாங்கிட்டே போயிரலாம்" என்று பிடிவாதமாக நின்று, கையில் இரண்டு கிலோ அல்வாவோடு நடைமேடையில் போய் நின்றபோது ரயிலின் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்குதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஊருக்குள் வந்து சேர்வது

நெல்லைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். திருநெல்வேலி என்பது ஒரே ஊர்போலத் தெரிந்தாலும் எங்கள் பேச்சில் அது மூன்று ஊர். ரயில்நிலையம் இருப்பது ஜங்ஷன்; தாமிரபரணிக்கு அக்கரையில், கிழக்கே இருப்பது பாளை; நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருக்கும் பழைய ஊர்தான் டவுன். ஆட்டோவில் ஏறி "டவுனுக்குப் போகணும்" என்று சொன்னால் ஓட்டுநர் நேராகக் கோயில் பக்கம்தான் போவார். வேறு ஊர்களில் டவுன் என்றால் கடைத்தெரு என்று பொருள் கொள்வதுபோல இங்கே கொள்ள வேண்டாம்.

ஜங்ஷனிலிருந்து டவுன் மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள்தான். ரயில் பாதைக்கு மேலே போகும் ஈரடுக்கு மேம்பாலத்தைத் தாண்டி நகரப் பேருந்துகள் அடிக்கடி போகின்றன. வேய்ந்தான்குளத்தில் இருக்கும் புதிய பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்களுக்குத் தூரம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்; டவுன் என்று பலகை போட்ட பேருந்தில் ஏறினால் ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து விடுவார்கள். தென்காசி, செங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கமிருந்து பயணிகள் ரயிலில் வருகிறவர்கள் ஜங்ஷன்வரை போகவேண்டியதில்லை. அதற்கு முன்பே திருநெல்வேலி டவுன் என்று தனி நிலையம் இருக்கிறது. சொந்தக் காரில் வருகிறவர்கள் ரத வீதிக்குள் காரைக் கொண்டுவர நினைக்க வேண்டாம். மாலையில் அங்கே நிறுத்த இடம் கிடைக்காது. கிடைத்தாலும் வெளியே எடுக்க முடியாது. தள்ளி எங்காவது நிறுத்திவிட்டு நடந்து வருவதுதான் விவேகம்.

நாலரை மணிக்கு வந்துவிட்டால் கடை திறக்கும்வரை என்ன செய்வது என்ற கேள்விக்கு எதிரிலேயே விடை இருக்கிறது. மாலை நடை திறந்திருக்கும் நெல்லையப்பர், காந்திமதியம்மன் கோயிலுக்குள் போய், தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் தரும் இசைத்தூண்களையும், நடராசருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்றான தாமிரசபையையும் பார்த்துவிட்டு வரலாம். கோயிலை முழுதும் பார்க்க அரைநாள் வேண்டும் என்பதால் அதைக் காலையிலேயே தனியாகப் பார்த்துவிட்டு, மாலையில் ஒரு சுற்று மட்டும் வந்தால் மனம் இரண்டுபடாது.

கடையைக் கண்டுபிடிப்பது

கண்ணைப் பறிக்கும் பெயர்ப்பலகையைத் தேடினால் நிச்சயம் வேறு கடைக்குத்தான் போய்ச்சேர்வீர்கள். சுவாமி கோபுரத்தைவிட்டு வெளியே வந்து கீழ ரத வீதியில் நின்று பார்த்தால், வெளிச்சமான கடைகளுக்கு நடுவே மங்கலாக ஒரு கடையும், அதன் முன்னால் மட்டும் ஒரு கூட்டமும் தெரியும். அதுதான் கடை. கூட்டம் கூடுவதற்கு முன்னால் வந்துவிட்டால் யாராவது பூக்கடைக்காரரிடம் கேளுங்கள். "அண்ணாச்சி, இருட்டுக்கடை எங்கன இருக்கு?" என்று கேட்டால், கட்டிக்கொண்டிருக்கும் சரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "அந்தா, ஆளு நிக்கால்லா, அதான்" என்று தாடையால் காட்டுவார்.

இருட்டு என்ற சொல்லையும் அதற்கு முன்னும் பின்னும் சில அடைமொழிகளையும் ஒட்டிக்கொண்ட கடைகள் ஊரெங்கும் இருக்கின்றன. பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரே பெயரில் அடுத்தடுத்துப் பல கடைகள் நிற்பதும், ஒவ்வொன்றும் தான்தான் அசல் என்று எழுதிவைத்திருப்பதும் நெல்லைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான். அவற்றில் நல்ல அல்வா விற்பவர்களும் உண்டு. பெயர் பொய் என்பதாலேயே பண்டமும் பொய்யாகிவிடாது. ஆனால் கல்லூரியில் படித்த காலத்தில், பேருந்து கிளம்பும் அவசரத்தில் அப்படியொரு கடையில் நான் வாங்கிய பொட்டலத்தை விடுதியில் பிரித்தபோது, அல்வா செங்கல்போலச் சதுரமாக நின்றது. கத்தியால் வெட்டியபோது உள்ளே சர்க்கரை மணல்மணலாகப் பூத்திருந்தது. திருநெல்வேலிக்காரனே எங்களுக்கு அல்வா கொடுத்துவிட்டான் என்று அறை நண்பர்கள் அந்த ஆண்டு முழுதும் சொல்லிக்காட்டினார்கள்.

வரிசையும் கேட்கும் முறையும்

வரிசையின் வாலைக் கண்டுபிடித்து நின்றுவிட்டால் மற்றது தானாக நடக்கும். உள்ளூர்ப் பெரியவர் யாராவது பக்கவாட்டில் வந்து கைநீட்டி வாங்கிப் போவதைப் பார்த்தால் சண்டைக்குப் போகவேண்டாம். பெரும்பாலும் அவர் ஐம்பது கிராம் வாங்கித் தின்றுவிட்டுப் போகிற தினசரி வாடிக்கையாளராக இருப்பார். நம் முறை வருவதற்குள் எவ்வளவு வேண்டும் என்பதை முடிவுசெய்து, பணத்தையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தராசுக்கு முன்னால் போய் நின்றபிறகு ஊரிலிருக்கும் மைத்துனிக்குக் கைப்பேசியில் அழைத்து "உனக்குக் கால் கிலோ போதுமா?" என்று கேட்பது பின்னால் நிற்கும் நாற்பது பேரின் சாபத்தை வாங்கிக்கொள்வதாகும். நெய், சர்க்கரை விலையைப் பொறுத்து அல்வா விலையும் மாறிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் கூடுதலாகவும் சில்லறையாகவும் எடுத்துவருவது நல்லது.

கேட்கும்போது இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். "அண்ணாச்சி, திங்கதுக்கு ஒரு நூறு குடுங்க, கட்டிக்கிடதுக்கு அரைக் கிலோ" என்று சொன்னால் போதும். கிராம் என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. ஐம்பது, நூறு, கால், அரை, கிலோ என்பவைதான் அங்கே புழங்கும் அளவுகள். முதல்முறை தின்கிறவர்களுக்கு ஒருவருக்கு நூறு என்பது சரியான அளவு. ஐம்பது கிராம் நாக்கில் பட்டதும் தீர்ந்துபோகும். இருநூறு வாங்கினால் பாதியிலேயே திகட்டி, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கவேண்டியிருக்கும். சிறு பிள்ளைகளுக்குத் தனியாக வாங்காமல் உங்கள் பங்கிலிருந்தே விரல் நுனியில் எடுத்துக் கொடுங்கள்.

தின்னும் முறை

பாத்திரத்திலிருந்து கரண்டியால் வழித்து, நிறுத்து, வாழையிலைத் துண்டிலோ தாளிலோ வைத்துக் கையில் தருவார்கள். வாங்கியதும் வரிசையைவிட்டு விலகி, வண்டி போகும் வழியில் நிற்காமல், ஓரமாக ஒரு கடைப்படியின் அருகில் போய் நின்றுகொள்ளுங்கள். தின்பதற்கு முன் ஒரு நொடி அதைப் பாருங்கள். நல்ல அல்வா கையிலிருக்கும்போது அசையாமல் நிற்காது. கையை இலேசாக ஆட்டினால் அதுவும் ஆடும். நிறம் சிவப்பும் பழுப்பும் கலந்து கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். ஓரங்களில் நெய் கசிந்து இலையில் ஓடிக்கொண்டிருக்கும். இலையின் நடுவே குழிவிழும்படி பிடித்துக்கொள்ளாவிட்டால் அந்த நெய் முழங்கைவரை வழிந்துவிடும். வெள்ளைச் சட்டை அணிந்து வருவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கரண்டி கேட்க வேண்டாம். வலக்கைப் பெருவிரலும் இரண்டு விரல்களும் சேர்ந்தால் போதும். துண்டு ஒன்றைக் கிள்ள முயன்றால் அது வழுக்கி நழுவும். இரண்டாம் முயற்சியில்தான் பிடிபடும். வாயில் வைத்ததும் மெல்லத் தொடங்காமல் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் ஒரு கணம் விட்டுவைத்தால், முதலில் நெய் இளகி ஓடும். அப்புறம் இனிப்பு வரும். இனிப்பு போகிற சமயத்தில், கவனமாக இருப்பவர்களுக்கு மட்டும், மிக மெல்லிய ஒரு புளிப்பு தட்டுப்படும். அந்தப் புளிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆறிவிட்ட அல்வாவில் இந்த வரிசை கிடைக்காது. நெய் இறுகி, எல்லாம் ஒன்றாகக் கலந்து, இனிப்பு மட்டும் முன்னால் வந்து நிற்கும். பொட்டலத்தைப் பிரித்துத் தின்றவர்கள் "இதுக்கா?" என்று கேட்பதற்கு இதுதான் காரணம்.

படம் எடுக்கிற ஆசை இருந்தால் தின்று முடித்தபிறகு கடையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் ஒரு கையில் இலையையும் மறு கையில் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு வெளிச்சம் தேடி அலைந்துகொண்டிருந்தார். இருட்டுக்கடையில் வெளிச்சம் தேடினால் எங்கே கிடைக்கும்? பக்கத்தில் படியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த ஓர் ஆச்சி பொறுத்துப் பார்த்துவிட்டு, "யய்யா, அதை அப்புறம் படம் புடிக்கலாம், ஆறிரப் போவுது, சூட்டோட தின்னுரு" என்றார். நான் இந்தக் கட்டுரை முழுதும் சொல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

தின்று முடித்ததும் உடனே தண்ணீர் குடிக்காமல் கொஞ்சம் காரம் தேடுவது இந்த ஊர் வழக்கம். அக்கம்பக்கத்து லாலா கடை ஒன்றில் ஐம்பது கிராம் மிக்சரோ காராச்சேவோ வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் திகட்டல் போய்விடும். கை பிசுபிசுப்பைக் கழுவ ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுபோவது நல்லது. வெறும் தண்ணீரில் நெய் முழுதும் போகாது என்பதால் அந்த இலையின் காய்ந்த பகுதியிலேயே முதலில் விரல்களைத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

கையிலிருப்பது எப்படி உருவானது

செய்முறையைத் தெரிந்துகொண்டு தின்றால் வாயில் படுவதெல்லாம் விளங்கும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திருநெல்வேலி அல்வாவில் இருப்பவை சம்பா கோதுமை, சர்க்கரை, நெய், தண்ணீர் ஆகிய நான்கு மட்டுமே. கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சக்கையை நீக்கிப் பால் எடுக்கிறார்கள். அந்தப் பாலை அசையாமல் வைத்துவிட்டால் மாவு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். இந்தக் காத்திருப்பில்தான் பால் இலேசாகப் புளிக்கிறது. தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் இருக்கும் கெட்டிப் பாலைச் சர்க்கரையோடு அடுப்பிலேற்றிக் கிண்டத் தொடங்குகிறார்கள். மாவு வெந்து கஞ்சியாகி, கஞ்சி இறுகிக் களியாகி, களி கண்ணாடியாகும்வரை கிண்டுவதை நிறுத்தக் கூடாது. நெய்யை ஒரே தடவையில் ஊற்றாமல் சிறிது சிறிதாக ஊற்றுவார்கள். முதலில் ஊற்றும் நெய்யை எல்லாம் அல்வா உள்ளே இழுத்துக்கொள்ளும். இனி வேண்டாம் என்று அது நெய்யை வெளியே கக்கத் தொடங்கி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போதுதான் பதம்.

நிறம் தருவது சாயம் அல்ல. சூட்டில் சர்க்கரை பழுத்துவரும் நிறமே அது. நான் முன்பு சொன்ன புளிப்புக்கு ருசியைத் தாண்டியும் ஒரு வேலை உண்டு. பாகில் கொஞ்சம் புளிப்பு இருந்தால் சர்க்கரை மறுபடி படிகமாகப் பூக்காது; அதனால்தான் நல்ல அல்வா பல நாள் கழித்தும் வழுவழுப்பாக இருக்கிறது. என் விடுதிப் பொட்டலத்தில் மணல் பூத்திருந்ததற்குக் காரணம், அந்தப் பாலைப் புளிக்க விடாமல் அவசரத்தில் கிண்டியதாகத்தான் இருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

எல்லோரும் சொல்லும் தாமிரபரணித் தண்ணீர்ப் பெருமையையும் குறிப்பிடாவிட்டால் ஊரில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு அது. அந்தத் தண்ணீரில்தான் இந்த ருசி வரும், வேறு ஊரில் கிண்டினால் வராது என்பது இங்கே கிட்டத்தட்ட வேதவாக்கு. தண்ணீருக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் பாலைப் புளிக்கவிடும் பொறுமைக்கும், மணிக்கணக்கில் துடுப்பைப் பிடித்துக் கிண்டுகிறவரின் தோளுக்கும் போகவேண்டிய புகழையும் சேர்த்து ஆற்றுக்கே கொடுத்துவிடுகிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

வயிறு என்ன சொல்லும்

தெருக்கடைத் தின்பண்டம் என்றாலே வயிற்றுக்குப் பயப்படும் பயணிகள் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நீண்ட நேரம் கொதித்த பண்டம். சர்க்கரையும் நெய்யும் மிகுந்து, கிருமிக்கு வேண்டிய ஈரம் குறைந்தது. தெருவோரத்துச் சட்னியையும் தண்ணீரையும் பார்க்கும் சந்தேகக் கண்ணோடு இதைப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மருந்தாகாது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். துணைக்கு வருகிறவரின் இலையிலிருந்து ஒரு விரல் எடுத்து ருசிபார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது முழுக்கக் கோதுமைதான். முட்டை கிடையாது, நெய் உண்டு. வெறும் வயிற்றில் நூறு கிராம் தின்றால் நெஞ்சு கரிக்கும் என்பதால் மதியம் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கிடைக்காமல் போனால்

நிற்கும்போதே தீர்ந்துபோவதும் உண்டு. அப்போது வாடிப்போக வேண்டாம். ரத வீதிகளிலும் ஜங்ஷனிலும் பழைய லாலா கடைகள் இருக்கின்றன. பெயரைக் கேட்டு வாங்குவதைவிடக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். துண்டுபோட்டு அடுக்கிவைத்த அல்வாவை விட்டுவிட்டு, பெரிய பாத்திரத்தில் சூடாக இருப்பதை வழித்துத் தருகிற கடைக்குப் போங்கள். "சூடா இருக்கா?" என்று கேட்டு, ஐம்பது கிராம் மட்டும் முதலில் வாங்கித் தின்று பாருங்கள். விரலில் நெய் ஒட்டி, அல்வா வழுக்கினால் அங்கேயே மீதியையும் வாங்கலாம். பல்லில் ஒட்டிக்கொண்டு இழுத்தாலோ, மைதாவின் பச்சை வாடை அடித்தாலோ நடையைக் கட்டுங்கள். உள்ளூர்க்காரர்களான எங்களில் பலர் வரிசைக்குப் பயந்து தினப்படிக்கு இப்படிப்பட்ட கடைகளில்தான் தின்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொட்டலத்தைக் கொண்டுபோவது

சூடான அல்வாவைத் தாளில் பொதிந்து கட்டித் தருவார்கள். அந்தப் பொட்டலத்தை அப்படியே துணிப்பையில் போட்டால் விடிவதற்குள் நெய் இறங்கி அடியிலிருக்கும் புடவைவரை போய்விடும். மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்து, பொட்டலத்தை அதற்குள் வைத்து நிமிர்த்தியே எடுத்துச்செல்லுங்கள். ரயிலில் போகிறவர்கள் அதை இருக்கைக்கு அடியில் வைக்காமல் பையின் மேல்பகுதியில் வைத்துக்கொண்டால் எறும்புக்கும் தப்பலாம். தூத்துக்குடி விமான நிலையம் வழியாகப் போகிறவர்கள் இறுக மூடிய டப்பாவாக, ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துவிடுவதே சிக்கலில்லாத வழி.

வீட்டுக்குப் போனபின் பத்து நாள்வரை வெளியிலேயே இருக்கலாம். ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நெய் வெள்ளையாக உறைந்து மேலே படர்ந்துவிடும். அதைக் கண்டு கெட்டுப்போய்விட்டது என்று கொட்டியவர்களையும் நான் அறிவேன். தின்னவேண்டிய அளவை மட்டும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அந்தக் கிண்ணத்தை ஐந்து நிமிடம் நிறுத்திவையுங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் அடி பிடித்துக்கொள்ளும். நெய் மறுபடி இளகி ஓரத்தில் கசியத் தொடங்கியதும், தட்டில் போடாமல் ஒரு வாழையிலைத் துண்டில் வழித்துவைத்து, உட்காராமல் நின்றபடியே தின்றுபாருங்கள்.